மழைக்கும் உப்புக் காற்றுக்கும் தாங்கும் மரக்கதவு



நெல் ரகங்களைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பூச்சி மருந்தைப் பற்றியும் அடிக்கடி பேசுகிறோம். இன்றைக்குக் கொஞ்சம் வேறு மாதிரியான விஷயம். கொல்லை வாசல் கதவைப் பற்றிப் பேசப்போகிறோம். 'கதவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?' என்று நினைத்துவிடாதீர்கள்.

கத்தரியும் வெண்டையும் போட்டு, தண்ணீர் கட்டி, களை எடுத்து, காய் பிடிக்கிற நேரத்தில் ஒரு ராத்திரி கதவு சாய்ந்து நாலு மாடு உள்ளே புகுந்தால் என்ன ஆகும்? மூன்று மாதப் பாடு விடிவதற்குள் போய்விடும். அதோடு விடுமா? மாட்டுக்காரருக்கும் கொல்லைக்காரருக்கும் வாய்ச்சண்டை வரும். அது பங்காளிச் சண்டையாக மாறி வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதும் உண்டு. சம்பா அறுப்பு முடிந்து மாடுகளை அவிழ்த்துவிடுகிற தை, மாசி மாதங்களில் இது எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். ஆகவே, கதவு என்பது சின்ன விஷயம் இல்லை.

இரும்பா, மரமா?

நம்முடைய காரைக்கால் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர்தான். காவிரிக் கடைமடை. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறு எல்லாம் கடலைத் தொடுகிற இடம் இது. மேற்குக் கோடியில் இருக்கிற அம்பகரத்தூர்க்காரர்களுக்குக்கூட கடல் ரொம்ப தூரம் இல்லை. கடல் காற்றில் உப்பு இருக்கிறது. அந்த உப்பு இரும்பின் மேல் படிந்து, பனியில் நனைந்து, துருவாகிறது. வருஷா வருஷம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு இரும்புக் கதவும் உழைக்கும். அப்படி அடிக்க முடியாதவர்களுக்கு மெல்லிய தகட்டுக் கதவு கொஞ்ச வருஷத்திலேயே அடியில் ஓட்டை விழுந்து, கீல் பற்றவைத்த இடத்தில் பிய்ந்து தொங்கும். பழைய இரும்புக்குப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மரக்கதவு அப்படி இல்லை. ஒரு சட்டம் மக்கினால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். மரம் நம் கொல்லையிலேயே இருக்கும். ஆனால் 'மரக்கதவு போட்டேன், நாலு மழைக்குள் இற்றுப்போய்விட்டது' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது மரத்தின் குற்றம் இல்லை. செய்த முறையின் குற்றம்தான்.

மரம் எங்கே மக்குகிறது?

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டை எத்தனையோ வருஷம் கெடாமல் கிடக்கிறது, பார்த்திருக்கிறீர்கள். வீட்டு உத்தரமும் கெடுவதில்லை. ஒன்று எப்போதும் தண்ணீரில், மற்றது எப்போதும் காய்ந்த இடத்தில். ஆனால் மதகுப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில்தான் அது இற்றுப்போயிருக்கும்.

காரணம் என்ன? மரத்தை மக்க வைப்பது பூஞ்சாணம். நெல்லில் குலைநோய் வருவதும் பூஞ்சாணத்தால்தான். அதே இனத்தில் வேறு வகை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீருக்குள் காற்று போதாது. காய்ந்த மரத்தில் ஈரம் போதாது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே இருந்தால் இந்தப் பூஞ்சாணம் தலையெடுக்காது. நனைந்து நனைந்து காய்கிற இடத்தில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

கதவில் அப்படிப்பட்ட இடங்கள் மூன்று. தூண் மண்ணுக்குள் இறங்குகிற கழுத்து ஒன்று. சட்டமும் சட்டமும் சேருகிற மூட்டு இரண்டாவது. ஆணி அடித்த துளை மூன்றாவது. இந்த மூன்று இடத்திலும் தண்ணீர் தங்காமல் பார்த்துக்கொண்டால் கதவு நிற்கும். நம் ஊர்ப் பழைய ஆசாரிகள் செய்த கைவேலை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த மரம்?

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சோதனை செய்வார்கள். 60 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள கட்டைகளை மண்ணில் நட்டுவிட்டு, எத்தனை மாதம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 120 மாதத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு. அதற்குக் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. மா மரமும் இலவமும் மூன்றாம் வகுப்பு. விலை மலிவு என்று மாம்பலகையில் வெளிவாசல் கதவு போட்டால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிகிறது.

தேக்கு வாங்க எல்லோராலும் முடியாது. வேண்டியதும் இல்லை. நம் கொல்லையிலேயே நல்ல மரங்கள் இருக்கின்றன. பூவரசு உப்பு மண்ணிலும் வளரும். அதன் வைரம் தண்ணீருக்குத் தாங்கும். வேம்பு கசப்பு மரம். பூச்சி லேசில் அண்டாது. நாட்டுக் கருவேல் வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் ஆன மரம், தூணுக்கு நல்லது. காடாக மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலைக்கூட விறகு என்று ஒதுக்க வேண்டாம். நன்றாக முற்றிய கட்டையின் உள்மரம் கெட்டி. காயும்போது அதிகம் சுருங்காது. நேரான துண்டு கிடைத்தால் குட்டைத் தூணுக்கும் ஆப்புக்கும் ஆகும். வெட்டியவுடனே பட்டையை உரித்துவிட வேண்டும். பட்டையோடு போட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

எந்த மரமானாலும் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியைத் தள்ளிவிடுங்கள். ஆசாரிகள் அதை வெளிறு என்பார்கள். அதில் மாவுச்சத்து இருப்பதால் வண்டும் கரையானும் முதலில் அங்கேதான் வரும். உள்ளே நிறம் கறுத்த வைரம்தான் கதவுக்கு ஆகும். பனையில் மட்டும் இது தலைகீழ். பனைக்கு வெளிப்புறம் வைரம், நடுவில் சோறு. சோற்றைச் சுத்தமாகச் செதுக்கி எடுத்துவிட்ட பனஞ்சட்டம் நன்றாக உழைக்கும். ஆனால் நிற்கிற பனையை வெட்டாதீர்கள். விழுந்ததையும் பட்டுப்போனதையும் பயன்படுத்துங்கள். பக்கத்தில் தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அறிவித்தார்கள். நம் பக்கமும் எந்த மரத்தை வெட்டுவதற்கு முன்னும் விசாரித்துக்கொள்வது நல்லது.

தென்னையைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. அந்த மரத்தைத் தூணாக நட்டவர்களுக்குத் தெரியும், இரண்டு மூன்று வருஷத்தில் மண் மட்டத்தில் மக்கிவிடும். தென்னையின் வெளிப்புறக் கெட்டி மரம், மண் படாத மேல் சட்டத்துக்குத்தான் சரி.

பச்சை மரத்தில் வேலை செய்யாதீர்கள்

மரம் காயும்போது நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். பச்சை மரத்தில் மூட்டுப் போட்டால், காய்ந்த பிறகு மூட்டு தளர்ந்து ஆடும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகும். அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

அறுத்த சட்டங்களை நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், இடையிடையே குச்சி வைத்து அடுக்குங்கள். காற்று உள்ளே போய்வர வேண்டும். நுனி இரண்டிலும் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசுங்கள். நுனி சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்கும். ஓர் அங்குலப் பலகைக்கு மூன்று, நான்கு மாதம் வேண்டும். கனமான சட்டத்துக்கு அதைவிட அதிகம். தை, மாசியில் அறுத்து அடுக்கினால் ஆனி, ஆடியில் வேலை ஆரம்பிக்கலாம். அவசரப்பட்டுச் சித்திரை வெயிலில் போட்டால் வெடித்துப் போகும்.

முன்பெல்லாம் மரத்தைக் குளத்தில் சில மாதம் ஊறப்போட்டு, அப்புறம் எடுத்துக் காயவைப்பார்கள். அது வீண் வேலை இல்லை. மரத்தில் இருக்கிற மாவும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போகும். வண்டுக்கு அங்கே தீனி இல்லாமல் போகும். மூங்கிலுக்கு இது ரொம்பப் பொருந்தும்.

கழுந்தும் மூங்கில் ஆணியும்

இனி ஆசாரியின் வேலைக்கு வருவோம். ஒரு சட்டத்தின் மேல் இன்னொரு சட்டத்தை வைத்து ஆணி அடிப்பது சுலபம். ஆனால் அது இரண்டு சட்டத்துக்கும் நடுவில் தண்ணீர் தங்க இடம் கொடுப்பது. ஆசாரி அப்படிச் செய்யமாட்டார். குறுக்குச் சட்டத்தின் நுனியை மூன்றில் ஒரு பங்கு கனத்துக்குச் செதுக்கிக் கழுந்து ஆக்குவார். நிற்கிற சட்டத்தில் அதற்குச் சரியாகத் துளை எடுப்பார். கழுந்து துளைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வரும். துளை பாதியில் நின்றால் அது தண்ணீர்த் தொட்டி. மறுபக்கம் வரை திறந்திருந்தால் புகுந்த தண்ணீர் வெளியே போய்விடும்.

பிறகு மூங்கில் ஆணி. இதில் ஒரு நுட்பம் உண்டு. அங்குலத்துக்கு 8 நூல் என்பது ஆசாரி கணக்கு. நிற்கிற சட்டத்தில் ஆணித் துளை போட்ட இடத்துக்கு நேராகக் கழுந்தில் போடமாட்டார். அரை நூல் உள்வாங்கிப் போடுவார். ஆணியை அடிக்கும்போது அது கழுந்தை இழுத்து, மூட்டை இறுக்கிக்கொள்ளும். பசையும் வேண்டாம், இரும்பும் வேண்டாம்.

கோட்டுச்சேரி பக்கம் வயதான ஆசாரியார் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் ஒரு விவசாயி கேட்டார்: "ஏன் ஆசாரியாரே, நாலு ஆணி அடிச்சா அஞ்சு நிமிஷத்துல முடியுமே. மூங்கிலைச் சீவிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே?"

ஆசாரியார் உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஆணி அடிக்க அஞ்சு நிமிஷம்தாங்க. அது துருப்பிடிச்சு, சுத்தியிருக்கிற மரத்தையும் கெடுத்துட்டா மறுபடி என்னைத் தேடிக்கிட்டு வருவீங்க. மூங்கில் மரத்தோட சேர்ந்து ஊறும், மரத்தோட சேர்ந்து காயும்."

அவர் சொன்னது விஞ்ஞானப்படியும் சரிதான். கருவேல் மாதிரியான துவர்ப்பு மரத்தில் இரும்பு ஆணி நனைந்தால், துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து மரம் கறுத்துப் போகும். ஆணி சீக்கிரம் அரிக்கும், ஆணியைச் சுற்றி மரமும் பொடிந்துபோகும். போல்ட் போட்டே ஆக வேண்டிய இடத்தில் துத்தநாகப் பூச்சு உள்ள போல்ட்டைப் போடுங்கள்.

அளவும் முட்டும்

ஆளும் மாடும் போகிற கொல்லை வாசலுக்கு 4 அடி அகலம், 4 அடி உயரம் போதும். தூண் பக்கத்துச் சட்டம் 4-க்கு 3 அங்குலம். கொண்டிப் பக்கத்துச் சட்டம் 3-க்கு 3 அங்குலம். குறுக்குச் சட்டம் ஐந்து, ஒவ்வொன்றும் 3 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம். அடியிலிருந்து இடைவெளிகள் 4, 6, 10, 13 அங்குலம் என்று மேலே போகப் போக அகலமாகட்டும். கீழே ஆட்டுக்குட்டி நுழையாது. மேலே மரம் மிச்சம். சாய்வுச் சட்டத்தோடு சேர்த்து, கழிவு போக ஒன்றரை கன அடி மரம் ஆகும். 2 கன அடியாக வாங்கிக்கொள்ளலாம். டிராக்டர் போகிற வழிக்கு 10 முதல் 12 அடி வேண்டும். அதை ஒரே கதவாகப் போடாமல் இரட்டைக் கதவாகப் போடுங்கள்.

குறுக்குச் சட்டங்களின் மேல்முகத்தைத் தட்டையாக விடாமல், கூரை மாதிரி லேசாகச் சரித்து இழைக்கச் சொல்லுங்கள். மழைத்துளி நிற்காமல் வழிந்துவிடும். கதவின் அடி தரையிலிருந்து 3 அங்குலம் தூக்கியிருக்கட்டும். பலகை வைத்து மூடுகிற கதவானால், பலகைக்குப் பலகை ஒரு நூல் இரண்டு நூல் சந்து விடுங்கள். ஐப்பசி மழையில் பலகை ஊறிப் பருக்கும்போது இடம் வேண்டும் இல்லீங்களா?

சாய்வுச் சட்டத்தை எப்படி வைப்பது? பலர் இதைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முட்டின் அடி கெட்டியான தரையில் இருக்கும், தலை பாரத்தைத் தாங்கும். கதவுக்குக் கெட்டியான இடம் தூண் பக்கத்து அடி. பாரம் இருப்பது கொண்டிப் பக்கத்துத் தலை. ஆகவே, சாய்வுச் சட்டம் தூண் பக்கத்து அடியிலிருந்து கொண்டிப் பக்கத்து மேல்மூலைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே தொங்கிப்போன கதவுக்குக் கம்பி கட்டி இழுப்பதானால் எதிர்ப்பக்கமாகக் கட்டுங்கள். தூண் பக்கத்து மேல்மூலையிலிருந்து கொண்டிப் பக்கத்து அடிக்கு. மரம் முட்டுக் கொடுக்கும், கம்பி இழுக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

தூணும் குடுமியும்

தூணின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். 7 அடித் தூண் என்றால் சுமார் இரண்டரை அடி. குழியின் அடியில் செங்கல் ஜல்லி அரை அடிக்குப் போட்டு, அதன் மேல் தூணை நிறுத்துங்கள். சுற்றி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடப்பாரையால் இடித்து இறுக்குங்கள். மண் மட்டத்தில் தூணைச் சுற்றி மேடாக்கி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு வையுங்கள். சிமெண்டால் அடியையும் சேர்த்துக் கிண்ணம் மாதிரிக் கட்டிவிட்டால் தண்ணீர் அதற்குள் தங்கும். தூணுக்கு அதுதான் எமன். தூணின் தலையையும் சரித்து அறுத்துவிடுங்கள். வசதி இருந்தால் தூணுக்குப் பதில் செங்கல் கட்டோ கருங்கல் தூணோ வைக்கலாம். கழுத்து மக்குகிற கவலை இல்லை.

கதவைத் தொங்கவிட இரும்புக் கீல் இல்லாமலும் முடியும். பெரிய கோயில்களின் கோபுர வாசல் கதவைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பாரமான கதவு கீலில் தொங்குவதில்லை. ஓரச் சட்டத்தின் அடியிலும் தலையிலும் குடுமி இருக்கும். அடிக்குடுமி கல்லில் எடுத்த குழியில் உட்கார்ந்து சுழலும். பாரம் முழுக்கத் தரை தாங்கிக்கொள்கிறது, தூணை இழுப்பதில்லை. கொல்லைக் கதவுக்கும் இதே முறைதான். குழி எடுத்த கல்லைத் தரையிலிருந்து 3 அங்குலம் உயர்த்திப் பதித்து, குழியின் விளிம்பில் ஒரு சின்ன வாய் வெட்டிவிடுங்கள், தண்ணீர் வடியட்டும். குடுமிக்கு ஒரு பூண் போட்டு, வண்டி மையோ கிரீஸோ தடவினால் சின்னப் பிள்ளைகூடத் திறக்கலாம்.

கதவுக்கும் ஒரு குடை

இதே வடகிழக்குப் பருவமழைதான் யாழ்ப்பாணத்துக்கும். அங்கே வேலிவாசல் கதவைப் படலை என்பார்கள். அந்தப் படலைக்கு மேலே ஓலையாலோ ஓட்டாலோ சின்னக் கூரை போட்டால் அதற்குச் சங்கடப்படலை என்று பெயர். வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் அங்கே ஒதுங்கி நிற்பார்கள். ஆளுக்கு நிழல், கதவுக்கும் குடை. வீட்டு வாசல் கதவுக்கு நாமும் இரண்டு கீற்றில் இப்படி ஒன்று போட்டுக்கொண்டால், மூட்டுகளில் நேராக மழை விழாது.

எண்ணெயும் கவனிப்பும்

புதுக் கதவுக்கு வேப்பெண்ணெயோ புங்க எண்ணெயோ இரண்டு மூன்று முறை பூசி ஊறவிடுங்கள். கழுந்தையும் துளையையும் சேர்ப்பதற்கு முன்பே உள்ளேயும் பூசிவிட வேண்டும். நுனிகளில் அதிகமாகப் பூசுங்கள். குழாய் மாதிரி தண்ணீர் ஏறுவது நுனி வழியாகத்தான். முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் இன்னும் கெட்டி. படகுக்குப் பூசுகிற எண்ணெய் அது. ஆனால் கையில் பட்டால் கொப்புளிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் மாடுகளையும் தள்ளி வைத்துப் பூசுங்கள். டிராக்டரின் பழைய ஆயிலைத் தூணுக்கு ஊற்றுகிறார்கள். அது காய்கறி மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும், வேண்டாம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை கதவைக் கவனித்தால் போதும். ஆனியில் மாங்கனித் திருவிழா வருகிறபோது ஒரு தடவை, மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு தடவை. மூட்டை ஆட்டிப் பாருங்கள். தூணின் கழுத்தில் மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி, கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் அங்கே மக்கல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். கரையான் புற்றுக் கோடு ஏறினால் உடனே தட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இப்படிக் கழுந்து எடுக்கத் தெரிந்த ஆசாரிகள் ஊருக்கு ஒருவர், இருவர்தான் மிச்சம். வண்டியும் ஏரும் போனபிறகு அவர்களுக்கு வேலை குறைந்தது. பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகிறார்கள். நாம் கூலியை மட்டும் கணக்குப் பார்த்து, ஆணி அடித்த கதவே போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், நாளைக்குச் சட்டம் மாற்றக்கூட ஆள் கிடைக்காது. கதவு செய்யும்போது வீட்டுப் பையன் ஒருவனை ஆசாரியாருக்குக் கை உதவிக்கு விடுங்கள். மூங்கில் ஆணி சீவி, ஒரு சட்டத்தை மாற்றுகிற அளவுக்காவது அவன் கற்றுக்கொள்வான். வேலி ஓரத்தில் நாலு பூவரசம் போத்து நட்டுவையுங்கள். அவன் பிள்ளை காலத்துக் கதவுக்கு மரமும் ஆயிற்று.

சுருக்கமாகச் சொன்னால்: வைர மரம் தேர்ந்தெடுங்கள். காயவைத்து வேலை செய்யுங்கள். கழுந்தும் மூங்கில் ஆணியும் போடச் சொல்லுங்கள். சாய்வுச் சட்டத்தின் அடி தூண் பக்கம் இருக்கட்டும். தூண் கழுத்திலும் மூட்டிலும் ஆணித் துளையிலும் தண்ணீர் தங்க விடாதீர்கள். உங்கள் கொல்லையும் பத்திரம், அக்கம்பக்கத்து உறவும் பத்திரம்.